அமிலத் தொட்டியில் ஓராண்டு

"குளிச்சது போதும், வெளிய வா" என்று சொல்லிக்கொண்டே, அக்கா முழங்கைவரை உறை போட்ட கையை அமிலத் தொட்டிக்குள் விடுகிறார். வருவது ஒரு கான்கிரீட் கட்டி. பக்கத்துக்கு அரைச் சாண், எடை இரண்டேகால் கிலோ. அலசி, தலை துவட்டுவதுபோல் ஒற்றியெடுத்து, தராசில் வைக்கிறார். எண் நின்ற பிறகும் பத்து எண்ணிவிட்டுத்தான் எழுதுவார். "அவசரப்பட்டா பொய் சொல்லும் இது."

பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்துக்குப் பெருக்க வந்தவர்; பதினோரு ஆண்டுகளில் எல்லா இயந்திரமும் அவர் கைக்குப் பழகிவிட்டது. மாணவர்களுக்கு அவர் தொட்டி அக்கா.

இந்தக் கட்டிகளில் சிமெண்ட் கிடையாது. உமியையும் கரும்புச் சக்கையையும் எரித்த சாம்பலைக் காரக் கரைசலில் இறுகவைத்து, நார் கலந்து வார்த்த ஜியோபாலிமர் கான்கிரீட். கழிவின் அமிலம் அரிக்கும் பாதாளச் சாக்கடைச் சுவருக்கு இது தாங்குமா என்று ஓர் ஆய்வு மாணவி ஓராண்டாகப் பார்த்து வருகிறாள்.

போன மாதம் கடைசி எடை. மூன்று கட்டிகள் மட்டும் ஓரம் கரைந்து, எடை குறைந்திருந்தன.

"இந்த மூணையும் விட்டுட்டு எழுதலாமாக்கா? சாம்பலைச் சரியாச் சலிக்காத கலவை அது. அடுத்த வாரம் அறிக்கை குடுக்கணும்" என்றாள் மாணவி.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் சாக்கடைக் குழியில இறங்குற வேலைதாம்மா பார்த்தாரு. அந்தச் சுவரும் நல்லா இருக்குன்னுதான் எழுதி வச்சிருந்தாங்க. ஒரு கீறல்கூட முன்னாடி காட்டல. மொத்தமா உதிர்ந்து மேல விழுந்துருச்சு."

குரல் உயரவே இல்லை. மாணவி அந்தப் பேனாவை எடுத்தாள். பிறகு மூன்று எடைகளையும் அவளே எழுதினாள். சாம்பலைச் சலித்து மறுபடி வார்த்துச் சோதிக்க வேண்டியிருந்ததால், அறிக்கை ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

எடை எழுதிய அன்று பிற்பகலே கட்டிகளை அழுத்து இயந்திரத்தில் ஏற்றினார்கள். அந்த மூன்றும் மற்றவற்றைவிடக் குறைந்த பாரத்திலேயே டப்பென்று வெடித்தன. ஆனால் சிதறவில்லை. விரிசலின் குறுக்கே நார்கள் தையல்போல் இழுத்துப் பிடித்திருந்தன.

அக்கா ஒன்றை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இப்படி நின்னா, உள்ள இருக்குறவன் கீறலைப் பார்த்துட்டு மேல ஏறி வந்துரலாம் இல்ல?"

"வந்துரலாம்க்கா."

அவர் கட்டியின் இரு பக்கத்தையும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். பிரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை இழுத்தார்.