ஆட்டுக்கறிக்கு வந்த வைன்

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் விடுப்பில் வந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிவப்பு வைன் பாட்டிலைத் திறந்து, "அத்த, கொஞ்சம் மோந்து பாருங்க" என்று நீட்டினான். கனிந்து வெடித்த நாவற்பழமும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. எனக்கு உடனே வயிறு எரிந்தது. இத்தனைக்கும் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. எரிந்தது ஐம்பது வருஷத்துப் பொறாமை.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் தூத்துக்குடியில் இருந்தது நான்கு மாதம் தேறினால் அதிகம். அந்தத் தடவை கொழும்பு வழியாக வந்தவர், பெட்டிக்குள் சட்டையில் சுற்றி ஒரு வைன் பாட்டில் கொண்டுவந்தார்.

எனக்கு வைன் என்றால் இனிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா உலர்ந்த திராட்சையைச் சீனியும் கிராம்பும் பட்டையும் போட்டு ஜாடியில் ஊறவைப்பாள். நானும் என் தம்பியும் அடியில் கிடக்கும் திராட்சைக்கு அடித்துக்கொள்வோம். மற்றபடி, பூசையில் சாமியார் கையில் இருப்பதுதான் வைன்.

"இது இனிக்காதுளா. பாக்கு மென்னாப்ல வாயப் பிடிக்கும். கொழுப்புள்ள கறிய ஒரு வாய் தின்னுட்டுக் குடிச்சா, அந்தத் துவர்ப்பு அடங்கிரும்."

"யாரு சொன்னா?"

"பிரான்சுல, மார்சேல் துறைமுகத்துல ஒரு சாப்பாட்டுக் கடைக்கார அம்மா. மீனோட மட்டும் குடிச்சிராதன்னு தலையில அடிச்சுல்லா சொல்லுவா!"

யார் தலையில் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மூன்று நாள் அந்த அம்மா புராணம்தான். அவள் கறியை எப்படி வேகவைப்பாள், கிளாஸை எப்படித் துடைப்பாள், எப்படிக் குலுங்கிச் சிரிப்பாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவளுக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் புழுக்கம் வெளியே தெரிந்துவிடுமே. வியாழக்கிழமை என் மனசுக்குள் நாற்பது வயதில் இருந்தவள், சனிக்கிழமைக்குள் பதினெட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே போய்க் கொழுப்போடு இரண்டு ராத்தல் ஆட்டுக்கறி வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார். நான் அதை அப்படியே மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். தெருவில் வந்த சீலா மீனை வாங்கி, புளியும் மிளகாயும் தாராளமாகப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

வந்து சட்டியைத் திறந்து பார்த்தார்.

"கறி எங்க போச்சுளா?"

"பூன தின்னுட்டு."

"ரெண்டு ராத்தலயுமா?"

"பெரிய பூன."

இரண்டு கிளாஸில் வைனை ஊற்றினார். ஒரு வாய் மீன், ஒரு வாய் வைன். அவர் முகம் சுருங்கியது. நானும் குடித்துப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பினாற்போல இருந்தது.

"ஒங்க மார்சேல் வைனு எம் மீனுக்கு நிக்கலயே" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னும் இரண்டு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொல்லையில் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினார். கடலையே ஜெயித்துவிட்டவள் போல நான் பாத்திரம் கழுவினேன்.

அதன்பிறகு அந்த அம்மாவைப் பற்றி அவர் பேசவே இல்லை. எனக்குப் பரம சந்தோஷம். வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை என்பது உறைக்கத்தான் சில வருஷம் ஆனது. கப்பலிலிருந்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். "அங்கன எப்படி இருந்துச்சு?" என்றால், "இருந்துச்சு" என்பார். ஒரு துறைமுகத்தின் பேர்கூட அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

"கறியத் தின்னுட்டுக் குடிங்க அத்த" என்று தம்பி மகன் தட்டை நகர்த்தினான். கொழுப்போடு ஒரு துண்டு தின்றேன். ஒரு வாய் குடித்தேன். வாயைப் பிடித்த துவர்ப்பு, அவர் சொன்னது போலவே மெல்ல அடங்கியது. கறியின் மிளகு எழும்பி வந்தது. அதற்கும் பின்னால் லேசாக ஓர் இனிப்பு. அந்தக் கடைக்காரப் பாவி சொன்னது சரிதான். இந்த ருசியை வைத்துக்கொண்டு அவரோடு எதிர் எதிரே உட்கார்ந்து பேசியவள் அவள்தான், நான் இல்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.

"எப்படி இருக்கு அத்த?"

"நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு என்ன வயது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.