அண்ணன் கூடுதலாகக் கட்டிய மாதங்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதித் தா என்றார்கள். நல்லது எழுத எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அவரிடம் அதுதான் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்றும் சொல்ல இருக்கிறது. ஓராண்டாக அதை மறைத்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுதினால் இந்த மலரே பொய்யாகிவிடும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்கு ஒன்றின் பின்புறம் இருந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் பிறந்தார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா அந்தக் கிடங்கிலேயே மூட்டை ஏற்றினார். எனக்கு விவரம் தெரிவதற்குள் ஐந்து வாடகை வீடு மாறிவிட்டோம். நான்காவது வீட்டை உடையவர் விற்றபோது நல்ல மழைக்காலம். சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, இட்லிப் பானையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அம்மா நடந்ததை அண்ணன் மறக்கவே இல்லை. அம்மாவோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் ஏசி பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்று, பிறகு தனியாகவே வேலை எடுத்துச் செய்தார். என்னைப் படிக்க வைத்தார். கலூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று, அவர் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். யாருடைய சம்பளத்தையும் அவர் பிடித்து வைத்ததில்லை. காசில்லாத வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் போய்ச் சரிசெய்துவிட்டு, "அடுத்த தடவை தாங்க சேச்சீ" என்று வந்துவிடுவார். அந்த அடுத்த தடவை வந்ததே இல்லை. மதினி திட்டுவார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

தன் மகள் பள்ளியில் சேர்ந்த வருடம், நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டை வங்கிக் கடனில் வாங்கினார். இருபது வருடக் கடன். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "பத்திரம் அவங்க கையில, சாவி நம்ம கையில. இதுவும் வாடகை வீடுதானே குட்டீ?" என்று என்னிடம் கேட்டார்.

அங்கேதான் நான் நுழைந்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினேன். தவணைக்கு மேல் மாதம் ஐயாயிரம் கட்டினால், அது நேராக அசலில் கழியும். ஆரம்ப வருடங்களில், ஒரு மாதம் கட்டினால் இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் குறையும். இருபது வருடம் பதிமூன்றாகிவிடும். அண்ணன் அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு ஆயிற்று.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அண்ணன் வங்கிக்கு நேரில் போவார். போனிலேயே கட்டலாம் என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். கேட்கமாட்டார். முத்திரை குத்திய சீட்டு வேண்டும் அவருக்கு. "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணையைக் குறைக்க வேண்டாம்" என்று நான் எழுதிக் கொடுத்த மலையாளக் கடிதத்தின் நகலையும் கூடவே கொடுப்பார். பிறகு சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். நான் பதிலுக்கு ஒரே ஓர் எண்ணை அனுப்புவேன். இன்னும் எத்தனை மாதம் என்ற எண். நலமா, சாப்பிட்டாயா என்று ஒன்றும் கிடையாது. இருநூற்றுப் பதினாறு. நூற்று எழுபது. தொண்ணூற்றெட்டு வந்த அன்று "ரெண்டிலக்கம் ஆயிருச்சு!" என்று போனில் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு லாட்டரி அடித்துவிட்டது என்றே நினைத்தார்களாம்.

இதற்காக அந்த வீட்டில் என்னென்ன நின்றது என்று மதினிக்குத்தான் தெரியும். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் வேலை பார்க்கும் மதினி, தன் சம்பளத்தில் வீட்டை ஓட்டினார். ஓணத்துக்குப் புதுத் துணி மகளுக்கு மட்டும்தான். பழநிக்குப் போவது மூன்று வருடம் தள்ளிப் போயிற்று. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிய அண்ணன் வீட்டில் ஏசி இல்லை. யாராவது கேட்டால், "வீடு முதல்ல என்னுதாகட்டும், அப்புறம் குளுரட்டும்" என்பார். எனக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்லிக் காட்டுவேன். கையிருப்பு என்று ஒன்று வேண்டாமா, அவசரத்துக்கு என்ன செய்வார்கள் என்று ஒரே ஒரு முறை எங்கள் முதலாளி கேட்டார். வங்கியில் கட்டியது எங்கே போய்விடும் என்றேன். பெரிய கணக்குப்புலி நான்.

வெயில்காலம்தான் அண்ணனுக்கு வேலை குவியும் காலம். போன வருட வெயிலில் ஒரு நாள் போன் செய்தார்.

"குட்டீ, டாக்டர் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்றார். நெஞ்சுக்கு ஒயர் விட்டுப் பாக்கிறதாம். பதினஞ்சாயிரம் ஆகும்கிறார். இந்த மாசம் கூடுதலாக் கட்டறத விட்டுடட்டா? மீதியப் பொரட்டிக்குவேன்."

"இப்ப வலி இருக்கா?"

"இப்ப இல்ல. ஏணி ஏறும்போது கொஞ்சம்."

"கேஸா இருக்கும் அண்ணா. நேரத்துக்குச் சாப்பிடறதே இல்ல, பின்னே என்ன செய்யும்? இந்த மாசம் கட்டிட்டா ஐம்பதுக்குக் கீழ வந்துரும். அடுத்த மாசம் டெஸ்ட் எடுத்துக்கலாம்."

"செரி. நீ சொன்னா செரிதான்" என்றார்.

ஐந்தாம் தேதி சீட்டு வந்தது. நாற்பத்தொன்பது என்று அனுப்பி, கைதட்டும் படமும் போட்டேன்.

அடுத்த ஐந்தாம் தேதி வரவில்லை. வைட்டிலாவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோதே அண்ணன் சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் பணம் கட்டச் சொன்னபோது மதினியின் கணக்கில் எண்ணூறு ரூபாய் இருந்தது. என் கணக்கில் இருந்ததும் போதவில்லை. கூடுதலாகக் கட்டிய அத்தனை லட்சமும் வங்கியில் இருந்தது. அதிலிருந்து ஒரு ரூபாயைக்கூட அன்று திரும்ப எடுக்க வழியில்லை. கட்டின பணம் கட்டினதுதான். மருத்துவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். இரண்டாம் நாள் காலை அண்ணன் போய்விட்டார். முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை. தைரியம் இல்லை. இன்றும் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள், "கிட்டத்தட்ட கடனை அடைச்சிட்டுத்தான் போயிருக்கான், பொறுப்பானவன்" என்று சொன்னபோதெல்லாம் எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. அவர் கேட்டார், நான் கட்டச் சொன்னேன். இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன். யாருக்கு என்மேல் கோபம் வந்தாலும் அது நியாயமானதே.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அன்று மாலை கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, விற்ற காசை அப்படியே பையோடு கொண்டுவந்து கொடுத்த, நாங்கள் இக்கா என்று அழைக்கும் எதிர்வீட்டுக் கடைக்காரருக்கும், வளையலைக் கழற்றித் தந்த அவர் மனைவிக்கும், தங்களுக்குள் திரட்டி அனுப்பிய பட்டறைத் தோழர்களுக்கும், திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு நாளும் சோறு சமைத்துக் கொண்டுவந்த சித்திக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். வாங்கியதைத் திருப்பித் தரப் போனபோது இக்கா கதவைச் சாத்திக்கொண்டார். மதினி இப்போது மாதத் தவணையை மட்டும் கட்டுகிறார். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. மிச்சமானதைத் தன் கணக்கிலேயே வைத்திருக்கிறார். நானும் என் பங்கை அங்கேயே போடுகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை வெளியே போகச் சொல்வார் என்றே எண்ணியிருந்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் ஒரு பக்கத்தைப் படித்தார்.

"நீ மட்டும்தான் சொன்னேன்னு எழுதியிருக்கியே" என்றார்.

"ஆமா மதினி."

"உங்கிட்ட கேக்கறதுக்கு முந்தின நாளு எங்கிட்ட கேட்டார். நானும் கட்டிருங்கன்னுதான் சொன்னேன். ஐம்பதுக்குக் கீழ வரணும்னு எனக்கும் இருந்துச்சு. ஒரு வருஷமா உன் முகத்தப் பாக்கவே எனக்குப் பயம் பிள்ளே, அவரு உங்கிட்ட சொல்லியிருப்பாரோன்னு."

நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. கடைசியில் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்து, "அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மதினி ஒரு பதில் சொன்ன பிறகும் அண்ணன் ஏன் என்னிடம் வந்து அதையே கேட்டார் என்று இப்போது புரிகிறது. எங்களில் ஒருத்தியாவது கட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்றுதான் கேட்டிருக்கிறார்.