ஒட்டுப்படிப்பு

அச்சகத்தின் பின்கட்டில், பைண்டிங் பகுதியில், அவளை எல்லோரும் ஒட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நல்ல உயரம், கழுத்தும் நீளம். அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒட்டகத்தைச் சுருக்கித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்துவிடும்.

அவள் பாரம் அடுக்குகிறவள். பெரிய தாளில் இரண்டு புறமும் அச்சாகி, மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக வருவது ஒரு பாரம். முந்நூற்று இருபது பக்க நாவல் என்றால் இருபது பாரம். நீள மேசையின் ஓரமாக இருபது அடுக்குகள் இருக்கும். எட்டுப் பெண்கள் வரிசையாக மேசையைச் சுற்றி நடந்து, அடுக்குக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். ஒருத்தி நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

மடித்த பாரத்தின் ஓரம் அந்த நேரத்தில் வெட்டியிருக்காது. உள்ளே பதினான்கு பக்கம் மூடிக் கிடக்கும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும்தான் கண்ணில் படும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த இரண்டு பக்கமே பெரிய தீனி. அதிலும் அவளுக்குப் பிடித்தது ஒட்டு. ஒரு பாரத்தின் கடைசி வரி அறுந்து நிற்கிற இடத்தில் அடுத்த பாரத்தின் முதல் வரி வந்து பிடித்துக்கொள்ளும். பாரத்தைப் பாரத்தின்மேல் வைக்கிற அந்த ஒரு நொடியில் அவள் கண் இரண்டையும் சேர்த்துப் படித்துவிடும். உதடு அசைவதை ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். "ஒட்டுக்கேக்கிறவங்களப் பாத்திருக்கேன். ஒட்டுப்படிக்கிறவள இப்பத்தான் பாக்கிறேன்" என்றார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிப் படித்த நாவல்களுக்குக் கணக்கில்லை. மூடிய பக்கங்களை அவளே தலைக்குள் எழுதிக்கொள்வாள். தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டின்போது கதை கேட்பார். அவளும் சொல்வாள். அதில் எது எழுத்தாளர் எழுதியது, எது இவள் போட்டு நிரப்பியது என்று இருவருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவரும் விட்டுவிடுவார்.

எல்லாக் கதையிலும் அவளுக்கு உயிர் ரசவாதி கதை. சாகா மருந்தைத் தேடி, அரைகுறையாகக் காய்ச்சியதைக் குடித்தே இளமை மாறாமல் எழுநூறு வருடம் அலைகிறவனின் கதை அது. அவன் பாதரசத்தைக் காய்ச்சுவான், மலைமலையாக ஏறி மூலிகை பறிப்பான், ராஜாக்களிடம் மாட்டிக்கொண்டு தப்பிப்பான். அது ஐந்து முறை அச்சாகி, ஐந்து முறையும் அவள் கைவழியாகப் போன நாவல். ஒட்டுகள் பத்தொன்பதும் அவளுக்கு மனப்பாடம். அங்கங்கே ஒரு கிழவி வந்து, "நெருப்பைக் கட்டிக்கொண்டு அழுதது போதும், வந்து சாப்பிடு" என்று அவனைத் திட்டுவாள். ரசவாதியின் அம்மா. மகன் காய்ச்சிய மருந்தில் இரண்டு சொட்டு அம்மாவுக்கும் போயிருக்கும், அதனால்தான் அவளும் சாகாமல் இருக்கிறாள் என்று ஒட்டக்கா காரணம்கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வேதியியலில் பட்டம் வாங்கியிருந்த அவள் மகள், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அப்படி ஒரு மருந்து இருக்கவே முடியாது என்று விளக்கிப் பார்த்தாள். "உன் பாடத்துல இல்லன்னா உலகத்துலயே இல்லையா?" என்று அம்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மகளிடம் உடனே ஒரு பதில் இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோது அந்தப் பதில் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஆறாம் பதிப்பு வந்தபோது ஊரெங்கும் அதே பேச்சு. எழுத்தாளர் வயதான காலத்தில் நாவலின் முடிவை மாற்றிவிட்டார் என்று புத்தகக் கடைகளில் தட்டி வைத்திருந்தார்கள். பழைய முடிவில் ரசவாதி மருந்தைக் குடித்துவிட்டு என்றென்றைக்குமாக நடந்து போவான். புதியதில் என்ன ஆகிறான்? மூவாயிரம் பிரதி மறுநாள் மதியத்துக்குள் வண்டியில் ஏற வேண்டும். காலையிலிருந்தே மேஸ்திரி காலில் வெந்நீர் கொட்டியதுபோல் பறந்துகொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் அடுக்கத் தொடங்கினார்கள். முதல் சுற்றில் கண்ணை உறுத்தியதை இரண்டாவது சுற்றிலும் பார்த்து, பத்தொன்பதாம் அடுக்குக்கும் இருபதாம் அடுக்குக்கும் நடுவில், ஒட்டக்கா நின்றாள்.

முந்நூற்று நான்காம் பக்கம் இப்படி முடிந்திருந்தது: "கண்களை மூடிக் குப்பியை வாயில் கவிழ்த்தான். கடைசிச் சொட்டையும்". முந்நூற்று ஐந்தாம் பக்கம் இப்படித் தொடங்கியது: "மண் குடித்து முடிக்கும்வரை அவன் நகரவில்லை."

பின்னால் வந்த கோந்து அவள் முதுகில் மோதினாள். கோந்து என்பவள் அட்டைக்குப் பசை தடவுகிறவள். அவசரத்துக்கு அன்று அடுக்க வந்திருந்தாள். "என்னக்கா, கால் பிடிச்சுக்கிச்சா?" என்றாள்.

"ஒட்டு சேரல."

வரிசை மொத்தமும் நின்றது. மேஸ்திரி வந்தார். பக்க எண்ணைப் பார்த்தார், சரி. பாரத்தின் முதுகில் வரிசை காட்டப் படிப்படியாக இறங்கும் கறுப்புக் குறிகளைப் பார்த்தார், சரி. முந்நூற்று நாலு, முந்நூற்று அஞ்சு, இதற்குமேல் என்ன சேர வேண்டும் என்று கேட்டார். பத்தொன்பதாம் பாரம் பழைய பதிப்பினுடையது, இருபதாவது மட்டும் புதியது, மெஷினில் பழைய அச்சுத் தகட்டை மாட்டிவிட்டார்கள் என்று அவள் சொன்னாள். எழுத்தாளர் அந்தப் பக்கத்தை மாற்றாமலே விட்டிருக்கலாம் இல்லையா என்றார் அவர். அதோடு அவரும் இரண்டு வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார். படிக்க ஒழுங்காகத்தான் இருந்தது.

"வாயில ஊத்துறான், கொஞ்சம் கீழ சிந்துது, மண்ணு குடிக்குது. இதுல என்னம்மா சேரல?"

"எழுநூறு வருஷம் தேடினவன் சிந்துவானா அண்ணே?"

கோந்து சிரித்துவிட்டாள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கவிதைத் தொகுப்பில் இதே மாதிரி ஒட்டு சேரவில்லை என்று இவள் மேசையை நிறுத்தினாள். கவிஞரையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அது சேராது, சேராமல் இருப்பதுதான் கவிதை என்று அவர் அரைமணி நேரம் விளக்கினார். முதலாளி முன்னால் மேஸ்திரி அசடு வழிய நின்ற நாள் அது.

"கவிதைல ஒருதரம் என் மானத்த வாங்கினது போதும். இப்ப நடக்கிறியா, இல்லையா?"

அவள் நடக்கவில்லை. எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள். தப்பாக இருந்தால் நாளையிலிருந்து மேசைப் பக்கமே வரக்கூடாது என்று மேஸ்திரி சொன்னார். அவர் வார்த்தை தவறாதவர். அது எல்லோருக்கும் தெரியும். கோந்து பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். தெரிந்த ஒரே வேலை, இருபத்திரண்டு வருட இடம், ஒரு சொட்டு மருந்துக்காக இதெல்லாம் தேவையா?  ஒட்டக்கா, வேர்வை தாளில் படக்கூடாது என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கேளுங்கண்ணே. தப்புன்னா நான் போயிடறேன்."

அலுவலக அறையிலிருந்து மேஸ்திரி பதிப்பகத்துக்குப் பேசி, அங்கிருந்து எண் வாங்கி, எழுத்தாளரையே பிடித்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "இங்க ஒரு அம்மா" என்று தொடங்கி என்ன சொல்வதென்று தெரியாமல் ரிசீவரை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு வரியையும் படித்தாள். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கிழட்டுக் குரல் ஒன்று, "வாயிலயா? நான் மண்ணிலன்னுல்ல எழுதினேன்" என்றது. அந்தப் பாரத்தையே முழுதாகத் திருத்தி எழுதியிருப்பதாகவும், உடனே நிறுத்தச் சொல்லும்படியும் சொன்னார். மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் இது தப்பியிருக்கிறதே என்று அவர் புலம்ப, அவர்கள் பார்த்த தாள் வேறு, மெஷினில் ஏறிய தகடு வேறு என்று அவள்தான் எடுத்துச் சொன்னாள். போனை வைக்கப் போனவர், நீங்கள் யாரம்மா, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எட்டாவதுங்க. உங்க புஸ்தகத்துல ஒட்டு பத்தொன்பது, முப்பத்தெட்டு பக்கம் படிச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். தைரியம் வந்து அவளும் ஒன்று கேட்டாள். "அய்யா, அந்தக் கிழவி, அவனோட அம்மாதானே?"

"இல்லம்மா. மகள்."

அவள் ரிசீவரை வைத்தாள். வயதே ஏறாத அப்பனைப் பார்த்து, தலை நரைத்த மகள் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்து பதிப்பாக அவள் கூப்பிட்டிருக்கிறாள், இவனும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆறாவதில்தான் கொட்டுகிறான்.

மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்க வேண்டியதை முகத்திலேயே தெரிந்துகொண்டு, திரும்பி நடந்து, மேசையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "பத்தொன்பதை எடுத்து ஓரமா வைங்க. அடுக்கினதையும் பிரிங்க."  பிறகு தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அவளும் உட்காரவில்லை; பையை அதில் வைத்துவிட்டுப் பிரிக்கப் போனாள்.

புதிய பத்தொன்பது மறுநாள் காலை வந்தது. வண்டி மதியத்துக்குப் பதில் சாயங்காலம் போனது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதிலிருந்து அந்த அச்சகத்தில் எந்தப் புத்தகமானாலும் முதல் பிரதியை அடுக்கி அவள் கையில் கொடுப்பார்கள். "ஒட்டு பாத்தாச்சா?" என்று மேஸ்திரி கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் மேசை நகரும். கவிதைக்கு மட்டும் கேட்பதில்லை.

எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஓரம் வெட்டிய, எல்லாப் பக்கமும் திறக்கிற புத்தகம் அவள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகள் அதை வாய்விட்டுப் படித்தாள். அப்பா சவரம் செய்துகொண்டே கேட்டார். தான் சொன்ன கதையிலிருந்து அது எங்கெங்கே விலகிப் போகிறது என்று அம்மா கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில், என்னுடையதே நன்றாக இருந்தது என்றாள். அப்பாவும் ஆமாம் என்றார்.

நான்காவது ஞாயிறு, முந்நூற்று நான்காம் பக்கத்துக்கு வரும்போது மகளின் குரல் மெல்ல இறங்கியிருந்தது. இவ்வளவு புத்தகம் படித்தவள், ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்குகிற இடத்தில் தான் என்றைக்காவது நின்றிருக்கிறோமா என்று அப்போது யோசித்தாள்.

"கண்களைத் திறந்தபடி குப்பியை மண்ணில் கவிழ்த்தான். கடைசிச் சொட்டையும்" என்று படித்து, பக்கத்தைத் திருப்ப விரலை வைத்தாள்.

"மண் குடித்து முடிக்கும்வரை அவன் நகரவில்லை" என்றாள் அம்மா.