கேப்டன் சூட்டிய பெயர்கள்

கோடை முகாமின் தலைவரைக் கேப்டன் என்றே அழைத்தோம். அவர் கப்பல் ஏறியவரல்லர். பதினேழு கோடைகள் ஏரிக்கரையில் விசில் ஊதியவர், அவ்வளவுதான். பதிவேடு என் பொறுப்பு.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் பட்டப்பெயர் சூட்டுவார். அதன்பின் சொந்தப் பெயரைச் சொன்னால், சாப்பாட்டு மேசைமேல் ஏறித் தவளைபோல் கத்த வேண்டும். புதியவர்கள் "பச்சைத் தண்ணி". வீட்டை நினைத்து அழுபவர்கள் "ஓட்டைக் குழாய்". இந்த அரிய மொழியைப் படைத்ததில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"பதிவேட்டுல சொந்தப் பேருக்குப் பக்கத்துல பட்டப்பேரையும் எழுதிக்கிறேனே" என்றேன்.

"அட போங்க சார், ரகசியமே போயிடும்! நீங்க ஒரு பழைய பஞ்சாங்கம்."

ஆறாம் நாள் காலை பத்து இருபதுக்கு 'அணில்' என்ற சிறுமியைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"குழந்தை பேரென்ன? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்றார் நர்ஸ்.

"அணில்" என்றார் கேப்டன்.

"விளையாடுறீங்களா? வீட்டுல வச்ச பேரு?"

கேப்டன் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்துகள் என் கையிலிருந்த பதிவேட்டில் இருந்தன. ஆனால் அந்த எண்பத்துநான்கு பெயர்களில் அணில் யார்?

கடைசியில் சிறுமியே திணறித் திணறித் தன் பெயரைச் சொன்னாள். பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. சரியான ஊசி போட்டார்கள், மூச்சு சீரானது.

உடனே அவள் பயத்தோடு கேட்டாள்: "கேப்டன், இப்ப நான் தவளை மாதிரி கத்தணுமா?"