பிரேக் ஆயில் கொதித்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பென்னாகரத்தில் கார் ஓட்டிய பெண் அநேகமாக நான் ஒருத்திதான். பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். என் கணவருக்குப் பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். ஒரு டாக்டரிடம் பத்து வருடம் ஓடிய அம்பாசடரை அவர்தான் வாங்கினார். ஆனால் கிளட்சோடு மல்லுக்கட்டும் பொறுமை அவருக்கு இல்லை. நான் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் சரி, சேலத்துக்குப் போனாலும் சரி, ஸ்டீரிங் என் கையில்தான்.

வண்டியை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். குறைந்திருந்தால் ஊற்றுவேன், இல்லாவிட்டால் மூடிவிடுவேன். அதற்குமேல் அதில் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு மே மாத விடுமுறையில் நாத்தனாரையும் அவளுடைய இரண்டு பெண்களையும் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போனேன். மலை இறக்கத்தில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. கியரைக் குறைத்திருக்க வேண்டும். நான் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். அது என் தவறுதான்.

நாலாவது வளைவில் மிதித்தேன். பெடல் தடையே இல்லாமல் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை. லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் நுனிகள் கண்ணாடியை நோக்கி வந்தன.

"அண்ணி, லாரிங்க அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள்.

"தெரியுது. புள்ளைங்கள புடிச்சுக்கோ."

இரண்டாவது கியருக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே இடப்பக்கம் மலையை ஒட்டிய வடிகாலுக்குள் சக்கரத்தை இறக்கினேன். மண்ணை உரசிக்கொண்டு வண்டி நின்றது. நாத்தனார் "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.  எனக்குத் தலை தெளிவாகவே இருந்தது. அரைமணி நேரம் கழித்து பெடலை மிதித்துப் பார்த்தேன். எதுவுமே நடக்காததுபோல் கெட்டியாக நின்றது. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பாப்பாரப்பட்டியில் இருந்த எங்கள் மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, பிரேக்கு கல்லாட்டம் இருக்குதுங்க. எங்கயும் ஒழுகல. பயத்துல கால தப்பா வெச்சிருப்பீங்க."

"அதான் அவரே சொல்றாரில்ல, வுட்டுத் தள்ளு" என்றார் கணவர்.

"என் காலு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுங்க" என்றேன்.

ஒழுகவில்லை, ஆறியதும் சரியாகிவிட்டது. அப்படியானால் சூட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது. வீட்டில் இருந்த பிரேக் ஆயில் டின்னை எடுத்துப் பார்த்தேன். 'மூடியை இறுக மூடி வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஏன் இறுக மூட வேண்டும்? பள்ளி ஆய்வகத்தில் கால்சியம் குளோரைடு பாட்டிலை யாராவது சரியாக மூடாமல் விட்டால், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து அது கஞ்சியாகிவிடும். இந்த ஆயிலும் அந்த ஜாதிதானோ? பத்து வருடத்துக்கு மேலாக மாற்றாமலே கிடந்து இழுத்த தண்ணீர், சக்கரத்திலுள்ள பிரேக் டிரம்மின் சூட்டில் கொதித்து ஆவியானால், கால் அழுத்துவது அமுங்கிப்போகும் வெறும் குமிழியைத்தான்.

அந்தச் சனிக்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, கணவரையும் மெக்கானிக்கையும் ஆய்வகத்துக்கு வரச்சொன்னேன். ஒரு சோதனைக் குழாயில் எங்கள் வண்டியிலிருந்து எடுத்த ஆயில், வரக்காப்பி நிறம். இன்னொன்றில் புது டின்னிலிருந்து எடுத்தது, இளமஞ்சள். கடலை எண்ணெய் நிரப்பிய கிண்ணத்தில் இரண்டையும் நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தேன். எங்கள் தெர்மாமீட்டர் நூற்றுப்பத்து டிகிரியோடு நின்றுவிடும். ஆனால் எண் எதற்கு? எது முந்துகிறது என்று பார்த்தால் போதும்.

சிறிது நேரத்தில் பழைய ஆயிலில் குமிழிகள் கிளம்பின. பிறகு தளதளவென்று கொதித்தது. பக்கத்துக் குழாய் அசையாமல் நின்றது. அடுப்பை அணைத்தேன்.

மெக்கானிக் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ஆமாங்க டீச்சரம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டன்."

 வெளியே வந்ததும் கணவர், "அன்னிக்கு அந்தப் புள்ளைங்களும் உள்ள இருந்துச்சில்ல" என்றார். 

அன்று மாலையே மாற்றினோம். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மெக்கானிக் ஒவ்வொரு சக்கரமாக நிப்பிள் என்னும் சிறு திருகைத் திறந்து, சுத்தமான ஆயில் வரும்வரை பழையதை வெளியேற்றினார்.

"இனி எத்தினி கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தறதுங்க?" என்று கேட்டார்.

"வண்டி சும்மா நின்னாலும் ஈரம் ஏறும். கிலோமீட்டர் கணக்கு இதுக்கு ஆவாது, வருஷக் கணக்குதான்."

எத்தனை வருடம் என்பதையும் நானே பார்த்தேன். ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சினேன். புதியதோடு பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் வருட முடிவில் நன்றாகவே முந்திக் கொதித்தது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். நிறம் நன்றாக இருந்தாலும், டப்பா நிறைந்திருந்தாலும் தள்ளிப்போட்டதில்லை. அந்த இறக்கத்தில் பிறகு எத்தனையோ முறை போனேன், சரியான கியரில். பெடல் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

எண்பதுகள் முடியும் சமயத்தில் அந்தக் காரை விற்றோம். வாங்க வந்தவர் பெயின்டையும் சீட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவரை நிறுத்திவைத்து, ஆயில் எப்படி ஈரத்தை இழுக்கும், எப்படிக் கொதிக்கும் என்று தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகவே சொன்னார். ஆனால், "மூணு நாலு வருஷம் ஆனாலும் பரவால்லீங்க" என்று முடித்தார்.

நான் வெளியே போய், "ரெண்டு வருஷங்க" என்றேன்.