மோரி சானிடம் ‘நோ பிராப்ளம்’ சொல்லலாமா?

மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என்பது, மற்ற இரண்டு பேரும் சாப்பிட, நடுவில் பசியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பது. இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான் காலடிப்பேட்டைக்காரி. விம்கோ நகர் பக்கம் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஆங்கிலத்தை ஜப்பானியமாக்கிக் கொடுக்கிறேன். அகராதியில் எல்லா வார்த்தைக்கும் வார்த்தை இருக்கிறது. ஜப்பான்காரர் வாயில் அது வருமா என்பதுதான் தலைவலி.

வெறும் சாரி

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றால் எங்கள் சரக்கும் நின்றுவிடும். அப்படி ஒரு நாள் மேனேஜர் ஆங்கிலத்தில் ‘தாமதத்துக்கு சாரி’ என்று ஒரு வரி எழுதி, மாடியில் இருந்த ஜப்பான் எஞ்சினியர் மோரி சானுக்கு அனுப்பச் சொன்னார். ஜப்பானியத்தில் மன்னிப்புக்குப் படிக்கட்டு உண்டு. காலை மிதித்தால் ஒன்று, கம்பெனி கவிழ்ந்தால் ஒன்று. நான் வேலைக்குப் புதுசு. மரியாதை குறையக்கூடாதென்று நேராக உச்சிப்படிக்கு ஏறிவிட்டேன்.

மோரி சான் ஹெல்மெட்டைக்கூட மறந்து ஓடிவந்தார். லாரி வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: “அப்போ யாரும் சாகலையா?”

நோ பிராப்ளம்

பம்புகளைச் சோதிக்கும் இடத்தில் மேகலா கான்ட்ராக்ட் ஆள். வியாசர்பாடியில் அவள் வீடு அவள் ஒருத்தி வேலையில்தான் ஓடியது. அவளை நிரந்தரமாக்குவதும் அனுப்பிவிடுவதும் மோரி சான் கையில் இருந்தது.

அவர் ஒரு பம்பைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மேகலா “நோ பிராப்ளம்” என்றாள். நம் ஊரில் அதற்கு ‘நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க’ என்று பொருள். நான் சொன்ன ஜப்பானியத்துக்கோ ‘சோதித்தாயிற்று, குறை இல்லை’ என்று பொருள். அவர் நம்பி வால்வைத் திறந்தார். சட்டை நனைந்தது. முகம் இறுகிவிட்டது. அவர் போனதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று மேகலாவைக் கேட்டேன்.

“லீக்கு கீதுன்னு சொன்னா மன்சன் பயந்துக்குவாருக்கா. நானே சரி பண்ணிக்கலாம்னுதான்.”

பரிசீலனை

அந்த வாரமே மேனேஜர் அவளுக்காகப் பேசினார். மோரி சான் சொன்ன பதிலுக்கு அகராதிப்படி அர்த்தம், ‘பரிசீலிக்கிறேன்’. அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கள் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். சரக்கு காட்ட வருகிறவரிடம் அவர் ‘பாப்போம்’ என்றால், வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுவும் அந்தப் ‘பாப்போம்’தான். மேகலாவிடம் மறைக்க மனசு வரவில்லை. அப்பாவின் வார்த்தையிலேயே சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

“புரியுதுக்கா. வுடு.”

கடைசி வார்த்தை

மறுநாள் அவளே வந்து, லீக்காகுது என்பதற்கு அவங்க பேச்சில் என்ன என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு சொட்டு கசிந்தாலும் உரக்கச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் ஜப்பானிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தபோதும் சொன்னாள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். மோரி சான் பம்பை நிறுத்தி, குனிந்து பார்த்தார். கசிவு இருந்தது.

சாயங்காலம் அவர் மேகலாவிடம் போய், தலை தாழ்த்தி, “இனிமேலும் யொரோஷிக்கு” என்றார். முதல் நாள் பார்த்தாலும் சொல்வார்கள், ஒரு பொறுப்பை ஒப்படைத்தாலும் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் இதற்குச் சரியான வார்த்தையே கிடையாது. உன்னை நம்பி விடுகிறேன், கூடவே இரு, என்றெல்லாம் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மேகலா பொறுமை இழந்துவிட்டாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்க்கா. எனுக்கு வேலை கீதா, இல்லியா?”

“கீது” என்றேன், இத்தனை வருஷத்தில் நான் அகராதி பார்க்காமல் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.