ஆடியில் நடாத கம்பம்

எங்கள் வீட்டுக் கம்பம் எங்களுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரண்டு ஆபீசில் போய் நான் கத்தியது இதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல்தான். வாலிகண்டபுரத்துக்கு உள்ளே போகிற ரோட்டோரம் சிமெண்ட் போஸ்ட் நிற்கிறது. அது அரசாங்கத்துடையது. அங்கிருந்து எங்கள் சோளக்காட்டைத் தாண்டி வீட்டுக்கு ஒயர் வர வேண்டுமானால் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். வீடு கட்டிய வருஷம் நானே ஓர் இரும்புக் குழாயை வாங்கி வந்து, மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் குழி வெட்டி நட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. அதன் அடி துருப்பிடித்து அரித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

இந்த ஆடியில் காற்று பேயாக அடித்தது. முதல் வாரத்திலேயே முருங்கை முறிந்து ஒயர்மேல் விழுந்து, கம்பம் கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உச்சியில் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த பீங்கானும் விரிசல் விட்டுவிட்டது. லைன்மேன் வந்தார், ஏணி போட்டு ஏறி டேப்பைச் சுற்றினார், கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: இது உங்கள் இடத்தில் நிற்கிற உங்கள் கம்பம், இதை நாங்கள் மாற்ற முடியாது. சிமெண்ட் கம்பம் ஒன்று வாங்கி நட்டுவிட்டு போன் பண்ணுங்கள், ஒயரை மாற்றிக் கட்டித் தருகிறேன். இரண்டு நாளில் செய்துவிடுங்கள், டேப் தாங்காது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாசாமாசம் பில் கட்டுகிறேன், கம்பச் செலவு எப்படி என் தலையில் விழும் என்று ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். சரி, தொலையட்டும், நானே நட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். சிமெண்ட் கம்பமும் மறுநாளே வண்டியில் வந்து வாசலில் இறங்கிவிட்டது. அன்றைக்கே குழி வெட்டியிருந்தால் அரை நாள் வேலை.

ஆனால் அது ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் கால் நட மாட்டோம். கல்யாணப் பந்தலுக்கும் நட மாட்டோம், வீட்டு வாசக்காலும் நிறுத்த மாட்டோம். கரண்டு கம்பத்துக்கு அதெல்லாம் பொருந்துமா என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நாள் பார்த்துக் கொடுக்கிறவன் நான். பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடும். ஊருக்கே நாள் சொல்கிறவன் தன் வீட்டில் ஆடியில் குழி வெட்டினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? ஆவணி மூன்றாம் நாள், காலை ஒன்பதேகாலுக்கு மேல் என்று குறித்து, காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

அதுவரைக்கும் தாங்கட்டும் என்று ஒரு கட்டுக்கம்பியை முறுக்கி, கம்பத்தின் கழுத்தில் மாட்டி இழுத்து, கொட்டகை வாசலில் ஓர் இரும்பு முளையை அடித்து அதில் கட்டினேன். கம்பம் அசையவில்லை. என் கைவேலையை நானே இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

கொட்டகையில் இருந்தது ஒரே மாடு. அது என் மனைவியின் மாடு. அவளுக்குப் பிறந்த வீடு கொள்ளிடக் கரைப் பக்கம், திருமானூருக்கு அந்தாண்டை. அவள் அம்மா செத்த பிறகு அண்ணன் வீட்டையும் மாடுகளையும் விற்றுவிட்டு டவுனுக்குப் போனார். உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மா வளர்த்த மாட்டின் கன்று ஒன்று போதும் என்றாள். அரியலூர் வழியாக எங்கள் ஊர் வரைக்கும் குட்டியானை வண்டியின் பின்பக்கத்தில் அந்தக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். முன்னால் வந்து உட்காரு என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். இந்த ஆடியில் அது தலைச்சன் சினை. ஆவணி பிறந்ததும் ஈன்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கம்பத்தை மாற்றச் சொல்லி அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை காலண்டரில் போட்ட வட்டத்தைக் காட்டினேன். இரண்டாம் தடவை, ஆடி முடியட்டும் என்றேன். மூன்றாம் தடவை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“நாளு பாத்து நடறதுக்கு அது என்ன கல்யாணப் பந்தலாங்க? மாடு அந்தக் கம்பியில போயிப் போயிக் கழுத்தத் தேய்க்குது.”

“ஒன் மாட்ட ஒருத்தரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. சும்மா இரு” என்றேன்.

ஆடி கடைசி வாரம், ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அவள் வாசலில் காய்ந்த சோளத்தை அள்ளிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்ற மாட்டை நான்தான் ஓட்டி வந்து கொட்டகையில் கட்டினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, வசதியாகப் படுக்கட்டுமே என்று கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டேன். என் வாழ்க்கையில் அந்த மாட்டுக்கு நான் காட்டிய கரிசனம் அது ஒன்றுதான்.

மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்தும் சத்தமாக அது இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மாடு நான் விட்ட கயிற்று நீளத்தில் வாசல் வரைக்கும் வந்து, கட்டுக்கம்பியோடு கழுத்தை ஒட்டியபடி சேற்றில் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. காற்றில் டேப் பிய்ந்து, ஒயர் இரும்பில் உரசி, கம்பத்தின் வழியாகக் கரண்டு என் கட்டுக்கம்பியில் இறங்கியிருந்தது.

அவள் என்னைத் தாண்டி ஓடப் பார்த்தாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டு மெயினை அணைத்துப் பயனில்லை, கரண்டு அதற்கு முன்னாலேயே இறங்குகிறது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் லைன்மேனுக்கு போன் போட்டேன். அவர் லைனை நிறுத்தச் சொல்லி, நின்றுவிட்டது என்று திருப்பிக் கூப்பிடுகிற வரைக்கும் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

போன் வந்ததும் விட்டேன். அவள் போய் விழுந்து மாட்டின் முகத்தைத் தடவினாள். அது போய்விட்டிருந்தது. பிறகு வயிற்றில் கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“உள்ள அசையுதுங்க. உசுரு இருக்குங்க. எதாவது பண்ணுங்க.”

டாக்டருக்கு அடித்தேன். அவர் பெரம்பலூரில் இருந்தார். அவர் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கையை வைத்தேன். என் உள்ளங்கையின் கீழே அந்தக் கன்று இரண்டு தடவை உதைத்தது. மூன்றாவது உதைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் அழுதேன். எத்தனையோ பேருக்கு நல்ல நேரம் சொன்ன வாயால், பாவி, நான்தான் கொன்றேன் என்று சொல்லியே அழுதேன். அவள் அழவில்லை, வயிற்றிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

விடிந்ததும் ஆட்களைக் கூப்பிட்டு, சோளக்காட்டு ஓரத்தில் கடப்பாரையால் குழி தோண்டி, மஞ்சள் பூசிப் புதைத்தோம். அவள் உள்ளே போய், அம்மா ஞாபகமாக வைத்திருந்த நூல் புடவையைக் கொண்டுவந்து மாட்டின்மேல் போர்த்தினாள். அதே ஆட்களை வைத்து, அதே கடப்பாரையால், அன்றைக்கே சிமெண்ட் கம்பத்துக்கும் குழி வெட்டச் சொன்னேன். ஆடியிலயா நடறீங்க என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அன்று செவ்வாய்க்கிழமை, ராகு காலமா எமகண்டமா என்று நான் பார்க்கவில்லை. கம்பம் நின்றது. லைன்மேன் வந்து ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், காலையில் டீ போட்டுக் கொடுத்தாள். நாள் பார்க்க வந்தவர்களை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆவணி மூன்றாம் நாள் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் மாட்டுக் கயிற்றோடு வந்து புதுக் கம்பத்தின் அடியில் நின்றாள். கம்பத்தை உச்சி வரைக்கும் பார்த்தாள்.

“இன்னைக்குத்தானே நாளு குறிச்சு வச்சிருந்தீங்க?”

ஆமாம் என்றேன்.

“நல்ல நேரம் எத்தன மணிக்கு?”

ஒன்பதேகாலுக்கு மேல் என்றேன். அப்போது மணி ஒன்பதரை. அவள் கயிற்றைச் சுருட்டி, கொட்டகை வாசலில் நான் கட்டுக்கம்பிக்காக அடித்த வெறும் முளையில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.